அலுமாரியின் மேல் ஏறிய எலி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் எழுதுகிறேன்.

இந்த மாதத்தோடு நான் ஏணியை இறக்கி வைக்கிறேன். அடுத்த மாதம் குருநாகலில் ஒரு பெரிய உணவுக் களஞ்சியத்தில் எனக்கு மேசை, கதிரை, மின்விசிறி எல்லாம் உள்ள வேலை. முப்பத்தொரு வயதில் என்ன ஓய்வு என்று சிரிக்காதீர்கள். எட்டு வருடம் புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை ஒவ்வொரு கூரைக்கும் ஏறி இறங்கிய முழங்காலைக் கேளுங்கள், அது சொல்லும்.

எலி பிடிப்பதை நான் இங்கே சொல்லித்தரப் போவதில்லை. பொறி வைப்பதும் ஓட்டை அடைப்பதும் ஒரு கிழமையில், ஏழே நாளில், உங்கள் கைக்கு வந்துவிடும். நீங்கள் நேற்று என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றக் கம்பெனிகளின் படிவத்தில் “எலி வரும் இடம்” என்று ஒரு கட்டம் இருக்கிறது, நம்முடையதில் அது இல்லை, ஏன் என்று கேட்டீர்கள். அந்தக் கட்டத்தை மாற்றவைத்தது நான்தான். அதற்கு முன்பு அந்தக் கட்டத்தில் ஒரு வரி எழுதி ஒரு கல்யாண வீட்டை இரண்டாக்கியதும் நான்தான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கு அது தேவை. என் வாப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்குமேல் எலி, பூச்சி ஒழிப்பில் டிப்ளோமாவும் படித்தேன். வேலையில் சேர்ந்த நாள் வாப்பா தேநீர்க் கடையில் எல்லாருக்கும் சொன்னாராம்: “என்ட மகள் டாக்டர்தான். எலிக்கு.”

என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். படிவம் நிரப்புவதில் எனக்கு ஒரு தனி ருசி. மற்றவர்கள் “கூரை” என்று ஒரு சொல்லில் முடிக்கும் இடத்தில் நான் இரண்டு வரி எழுதுவேன். இன்னொன்று, நான் பெண் என்பதால் வீட்டின் உள்ளறை வரை போகலாம். என்னோடு வரும் சாரதி சுனில் அய்யா சிலாபத்துக்காரர். தமிழும் சிங்களமும் கலந்து கதைப்பார், என்னை “நங்கி”, அதாவது தங்கச்சி, என்று கூப்பிடுவார். அவர் வெளியே மதிலைச் சுற்றிப் பார்ப்பார். நான் உள்ளே போய் அலுமாரி, கட்டில், சமையலறை எல்லாம் பார்ப்பேன். அதனால் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்வதே கடைசிச் சொல்.

ஐந்து வருடத்துக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை ஆலங்குடாப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஞாயிறு அந்த வீட்டில் கல்யாணம். மகள் ரிஸ்னாவின் அறையில் எலி.

வீட்டுக்காரி சபியா மாமி வாசலிலேயே என் கையைப் பிடித்தார். “மகள், சத்தம் போடாம உள்ளுக்கு வா. மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் வெள்ளிக்கிழமை வீடு பாக்க வாராங்க. கொழும்பு ஆக்கள். எலி எண்டு ஒரு சொல்லு அவங்கட காதுல விழப்படாது.”

அந்தப் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் மகளுக்கு ஒரு வீடு. இவர்கள் புதிய நிலம் தேடாமல் தங்கள் வீட்டின் மேலேயே புது மாடி கட்டி மகளுக்குக் கொடுத்திருந்தார்கள். பளிங்கு போன்ற தரை, பூசி மினுக்கிய சுவர். ஓரிடத்திலும் ஒரு குழாய்கூடத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பலகைப் பெட்டிக்குள் மறைத்திருந்தார்கள். ரிஸ்னாவின் அறையில் ஆளை விட உயரமான அலுமாரி, கண்ணாடி போல வழுவழுப்பு. அதன் மேலே கல்யாண முக்காடு வைத்த பெட்டி இருந்தது. அந்தப் பெட்டியின் ஒரு மூலை கடிபட்டிருந்தது. சுற்றிலும் எலிப் புழுக்கை.

“இதுல எப்புடி ஏறிச்சு?” என்று ரிஸ்னா என்னை அக்கா முறை வைத்துக் கேட்டாள். “நான் கைய வெச்சாலே வழுக்குது, ராத்தா. பறந்து வந்திச்சா?”

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவளுடைய வாப்பா இஸ்மாயில் மாமா, “கொழும்பு மாப்பிள்ளைக்கு எலியும் பறந்துதான் வரும்” என்றார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் எழுந்து கீழே போய்விட்டார்.

நீங்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். வழுவழுப்பான பலகையில் எலி ஏறாது. சொரசொரப்பான சுவரில் ஏறும். திரைச்சீலையில் ஏறும். கம்பியில் நடக்கும், வாலை ஆட்டி ஆட்டித் தன்னைச் சமன் செய்துகொண்டு. தலை நுழைந்த ஓட்டைக்குள் உடம்பும் நுழைந்துவிடும். நடுத்தரையில் நடக்க மட்டும் அதற்குப் பயம். ஒரு பக்க மீசையாவது சுவரில் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. இவ்வளவும் அன்றைக்கும் எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு அவ்வளவு உறுதி.

ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தேன். பக்கத்து வளவில் தனியாக ஒரு தென்னை. அதன் ஓலை ஒன்று இந்தக் கூரை ஓட்டில் படுத்திருந்தது. காற்று வரும்போதெல்லாம் கூரையை உரசியது. மரத்தின் கீழே மதிலோரமாகக் கருவாடு காயும் பந்தல். எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. கருவாட்டுக்கு எலி, எலிக்குத் தென்னை, தென்னையிலிருந்து ஓலை, ஓலையிலிருந்து ஓடு, ஓட்டிலிருந்து அறை. பரீட்சையில் ஐந்து புள்ளிக் கேள்விக்கு விடை எழுதுவது போல வரிசையாக வந்தது.

அலுமாரியை நகர்த்திப் பின்னால் பார்த்திருக்க வேண்டும். அதற்குள் கல்யாண உடுப்பு நிரம்பி இருந்தது. நகர்த்த இரண்டு ஆம்பிளைகள் வேண்டும், அவர்களை மணப்பெண் அறைக்குள் கூப்பிட வேண்டும். விடை கிடைத்த பிறகு எதற்கு இந்தச் சிரமம்?

படிவத்தில், “எலி வரும் இடம்” என்ற கட்டத்தில், என் அச்சுக் கையெழுத்தில் எழுதினேன்: “அடுத்த வீட்டிலிருந்து. கருவாட்டுப் பந்தலில் இருந்து தென்னை மரம் வழியாகக் கூரைக்கு ஏறுகிறது.” கூரை விளிம்பில் இரண்டு பொறி வைத்தேன். பிரதியை மாமியிடம் கொடுத்தேன். மாமி அதை இரண்டு தரம் வாசித்தார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். எலிக்கு வழி கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வீட்டில் யார் இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் மாமி தொலைபேசியில் அழைத்தார். குரலில் கல்யாணக் களை. “மகள், வியாழக்கிழமை காலையில மரம் வெட்ட ஆள் சொல்லிட்டன். மூணு வருசமா சொல்றன், கேக்கல்ல. இப்ப படிச்ச புள்ளயே எழுத்துல தந்திட்டா எண்டு கடதாசியக் காட்டினன். வாய் அடைச்சுப் போச்சு.”

“ஆர்ட வாய், மாமி?”

“என்ட தங்கச்சிட வாய்தான். ஜெமீலாட.”

பொறியில் ஏதாவது விழுந்ததா என்று கேட்டேன். ஒன்றும் விழவில்லை என்றார். அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு அழைப்பு. இந்த முறை ரிஸ்னா, அழுகையை அடக்கிக்கொண்டு. அவள் சொல்லித்தான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. ஒரே வளவை இரண்டாகப் பிரித்து அவளுடைய மூத்தவாப்பா, சபியா மாமியின் வாப்பா, இரண்டு மகள்மாருக்கும் வீடு கொடுத்திருக்கிறார். மூத்தவர் வீட்டில் மாடி வந்தது. இளையவர் கணவர் மௌத்தான பிறகு கருவாடு போட்டுப் பிழைக்கிறார். கொழும்பில் சம்பந்தம் பேசியதிலிருந்து கருவாட்டு வாசம் மூத்தவரின் மூக்கைக் குத்தத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் அவர்களுடைய குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் இனிப்புக்கு வட்டிலாப்பம் அவிப்பது ஜெமீலா சாச்சிதான். மணப்பெண் கைக்கு மருதோண்டி போடுவதும் அவர்தான். ரிஸ்னாவுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் மருதோண்டி போட்ட கை.

“உம்மா கடதாசிய மதிலுக்கு மேலால வீசிட்டா, ராத்தா. ‘ஒன்ட கருவாட்டு எலி என்ட மகள்ட அலுமாரிக்கு மேல’ எண்டு ரோட்டுக்கே கேக்கக் கத்தினா. சாச்சி உள்ளுக்குப் போயிட்டா. கொஞ்ச நேரத்துல, அவிக்கக் குடுத்த எங்கட பானை, சட்டி, வட்டிலாப்பக் கிண்ணம் எல்லாத்தையும் மதில்ல வெச்சிட்டு, கல்யாணத்துக்கு வரமாட்டன் எண்டு ஆளனுப்பிட்டா.” மூச்சை இழுத்தாள். “நீங்க எழுதினதாலதான். நீங்களே சரிப்படுத்துங்க.”

புதன்கிழமை காலை வேறு இரண்டு வீட்டு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அங்கே போனேன். சபியா மாமி வீட்டுக்கு அல்ல. அடுத்த வீட்டுக்கு.

ஜெமீலா சாச்சி பந்தலில் கீரிமீன் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். சட்டையில் கம்பெனிப் பெயர் இருந்ததால் ஆள் யாரென்று கேட்கவில்லை.

“வாங்க நீதவான் அம்மா” என்றார். “தீர்ப்பு எழுதிட்டுத்தானே வெசாரிக்க வாறது?”

நான் ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் வந்தது, அதில் குறை வைக்கவில்லை. பிறகு உப்புச் சாடியைத் தூக்கி, அதன் அடியில் மடித்து வைத்திருந்த கடதாசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“எனக்கு வாசிக்கத் தெரியா. மத்த ஆக்கள்ட குடுத்து வாசிக்க வெக்கமா இரிக்கி. நீயே எழுதினது, நீயே வாசி.”

என் உம்மாவுக்கு வரும் கடதாசிகளை நான்தான் வாசித்துக் காட்டுவேன். மின்சாரக் கட்டணம், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாம். உம்மாவும் இப்படித்தான் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கேட்பார். நான் வாசித்தேன். “அடுத்த வீட்டிலிருந்து” என்ற இடத்தில் என் குரல் தாழ்ந்தது.

“சத்தமா” என்றார் சாச்சி.

சத்தமாக வாசித்தேன்.

“கையெழுத்து நல்லா இரிக்கி” என்றார். “ஒன்ட எழுத்துல குத்தம் இல்ல. எத்தன வருசம் படிச்ச?”

சொன்னேன்.

“அவ்வளவு வருசமும் அண்ணாந்து பாக்க மட்டும்தானா சொல்லித் தந்தாங்க? குனிஞ்சு பாக்கச் சொல்லித் தரல்லயா?” கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வா, மரத்தக் காட்டுறன்.”

மரத்தின் ஓலையைத்தான் நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். இப்போது அடிமரத்தைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு முழ அகலத்தில், மரத்தைச் சுற்றித் தகரம் அடித்திருந்தது. நம் கரையோரத்தில் பாதித் தென்னைகளுக்கு இப்படித் தகரம் இருக்கிறது. எலி ஏறி இளங்காயான குரும்பட்டியைக் கடிக்காமல் இருப்பதற்கு. பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அதனாலேயே இப்போது எங்கள் கண்ணில் படுவதில்லை. எலியைப் படிக்கப் போனவளுக்கும் படவில்லை.

தகரத்துக்குக் கீழே மரத்தில் நகம் பிறாண்டிய கோடுகள் நிறைய. தகரத்திலும் வழுக்கி இறங்கிய கோடுகள். அதற்கு மேலே மரம் சுத்தம். கீழே விழுந்த குரும்பட்டி ஒன்றிலாவது பல் பட்டிருக்கவில்லை. சுற்றிலும் வேறு மரம் இல்லாததால் தாவி ஏறவும் வழி இல்லை. அந்த மரத்தில் வருடக் கணக்காக எலி ஏறியதில்லை என்று மரமே எழுதி வைத்திருந்தது. வாசிக்கத் தெரியாத ஒருவர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

“மூணு வருசத்துக்கு முந்தி நானே அடிச்சது” என்றார் சாச்சி. “ராத்தா மாடி கட்டத் தொடங்கக்குள்ள. ஓலை அவட கூரைல படும், எலி போயிரப்படாதே எண்டு.”

அப்போது பின்னால் நின்ற சுனில் அய்யா மெதுவாகச் சொன்னார். “நங்கி, அந்தத் தகரத்த நான் திங்கக்கிழமையே கண்டன்.”

நான் திரும்பினேன். “கண்டீங்களா? ஏன் சொல்லல்ல?”

“படிச்ச ஆள் நீங்க. கண்டிருப்பீங்க எண்டு நெனச்சன். அதோட,” அவர் தலையைச் சொறிந்தார், “நீங்க எழுதக்குள்ள யாரும் குறுக்க கதைச்சா ஒங்கட மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். அனே, எனக்குப் பயம்.”

சாச்சி அந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு முகம் பழையபடி ஆனது. “எனக்கு மரம் ஒண்டும் பெருசில்ல. வெட்டட்டும். ஆனா புள்ள, ‘ஒன்ட எலி’ எண்டாளே, அதத்தான் என்னால முழுங்க ஏலாம இரிக்கி. எலிக்கு நான் சோறு போட்டு வளத்தனா?”

அந்தச் சொல்தான், தம்பி தங்கச்சிமாரே. “எலி அங்கேயிருந்து வருகிறது” என்று நாம் எழுதுகிறோம். வீட்டுக்காரர் அதை “நீ அழுக்கு” என்று வாசிக்கிறார். நாம் எழுதியது ஒரு திசை. அவர் கேட்டது ஒரு வசவு. படிவத்தில் அந்தக் கட்டத்தைப் போட்டவருக்கு நம்முடைய மதில்களின் சங்கதி தெரியாது.

மதிலைச் சுற்றி அடுத்த வாசலுக்குப் போனேன். அந்த நாற்பது அடி நடந்தது போல நான் எந்தக் கூரையிலும் பயந்து நடந்ததில்லை. சபியா மாமி சந்தோஷமாகக் கதவைத் திறந்தார்.

“மாமி, நான் எழுதினது பிழை” என்றேன்.

“எது பிழை?”

“மரத்தால எலி வரல்ல. தகரம் அடிச்சிருக்கு. நான் பாக்காம எழுதிட்டன்.”

மாமியின் முகம் மூன்று நிறம் மாறியது. “பிழையா? நீ எழுதினத நான் பள்ளிவாசல் ரோடு வரைக்கும் சொல்லிட்டனே! இனி நான் என்னெண்டு வாய மூடுற? படிச்ச புள்ளையளும் பிழ விடுமா?”

“விடும் மாமி. நாங்க விட்டா அழகான எழுத்துல விடுவம்.”

கதவுக்குப் பின்னால் இஸ்மாயில் மாமாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது, உடனே இருமலாக மாறியது.

அலுமாரியை நகர்த்த வேண்டும் என்றேன். மாமி மறுத்தார். “ரிஸ்னாட சாமான் எல்லாம் அடுக்கி முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை ஆக்கள் வாராங்க.” ரிஸ்னா போய் அலுமாரியைத் திறந்து, மடித்து வைத்த புடவைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலில் அடுக்கத் தொடங்கினாள். கடைசித் தட்டு வெறுமையானதும் பெண்கள் எல்லாரும் கீழே இறங்கினோம். மாமாவும் சுனில் அய்யாவும் மேலே போய் நகர்த்திவிட்டு வந்தார்கள்.

அலுமாரிக்குப் பின்னால்தான் முழுக் கதையும் இருந்தது. குழாய் மறைக்கும் பலகைப் பெட்டி சமையலறையிலிருந்து நேரே மேலே வந்து, இந்த அறையின் மூலையில் முடிந்தது. அங்கிருந்து குளியலறைக்குக் குழாய் போகும் இடத்தில் ஒரு கை நுழையும் ஓட்டை. மேசன் பூசாமல் விட்டிருக்கிறார். அது தெரியக்கூடாது என்றுதான் அலுமாரியை அதற்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் சுவரிலும் அலுமாரியின் முதுகிலும் நிலத்திலிருந்து உச்சி வரை கறுப்பு மெழுகு போல ஒரு தடம். எலி ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போனால் உடம்பு உரசி அப்படிக் கறை விழும்.

“வழுக்குற பலகைல ஏறல்ல” என்று ரிஸ்னாவுக்குக் காட்டினேன். “முதுக ஒரு பக்கம் குடுத்து, கால மத்தப் பக்கம் ஊண்டி, நெருக்கிக்கொண்டு ஏறியிருக்கு. ரெண்டு சுவர் கிட்டக் கிட்ட இருந்தா அதுக்கு அது படிக்கட்டு.”

மாமி கட்டிலில் புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். குரல் அடங்கிப்போயிருந்தது. “அப்ப இது என்ட வீட்டு எலியா?”

இரண்டு நாளைக்கு முந்திய நானாக இருந்தால் “ஓம்” என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருப்பேன். ஒரு வசவை இந்த மதிலில் இருந்து எடுத்து அந்த மதிலில் வைத்திருப்பேன், அவ்வளவுதான். “எலி ஆர்ட வீட்டுதும் இல்ல, மாமி” என்றேன். “அதுக்கு வழிதான் இரிக்கி. வழியத்தான் நாங்க பாக்கணும். ஆனா இந்தத் தடவ நான் சொல்லப் போறதில்ல. நீங்களே பாருங்க.”

ரிஸ்னாவின் பவுடர் டின்னை வாங்கினேன். அலுமாரி உச்சி, பின்னால் இருந்த ஓட்டையின் வாய், சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, வெளியே கூரை விளிம்பு எல்லா இடத்திலும் மெல்லிசாகத் தூவினேன். வீடு முழுக்க மல்லிகை வாசம். “எலி கல்யாணத்துக்குப் பூசிக்கொண்டு வரும்” என்றார் மாமா. இந்த முறை மாமி அவரை முறைக்கவில்லை.

வியாழன் காலை ஏழு மணிக்கு நான் போனபோது மரம் வெட்டுகிறவர் கயிறும் கத்தியுமாக மதிலோரத்தில் நின்றிருந்தார். மாமி என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தார். தன் கண்ணால் ஒவ்வொரு இடத்தையும் பார்க்க வேண்டும் என்றார். கூரை விளிம்பில் காகத்தின் கால் மட்டும். தொட்டிக்குக் கீழே பவுடர் சந்தை கூடி முடிந்த நிலம் போல மிதிபட்டுக் கிடந்தது. சின்னச் சின்னக் கால், நடுவில் வாலின் நீளக் கோடு. ஓட்டையின் வாயிலும் அப்படியே. அலுமாரி உச்சியிலும். பிறகு வெளியே போய்ப் பார்த்தோம். தொட்டியின் கழிவுக் குழாய் வெளியே வரும் இடத்தில் பெரிய ஓட்டை. அதை மறைக்க மாமி ஆசையாக வரிசை வைத்த பூச்சாடிகள். பூச்சாடியின் பின்னால் நடந்து, குழாயோடு உள்ளே போய், பெட்டிக்குள் ஏறி, அலுமாரிக்குப் பின்னால் இறங்கும் வழி. அசிங்கம் தெரியக்கூடாது என்று மாமி மறைத்த ஒவ்வொன்றும் எலிக்கு ஒவ்வொரு படியாக இருந்தது.

மாமி குனிந்து பார்த்தார். பூச்சாடி ஒன்றைக் காலால் நகர்த்தினார். மதிலுக்கு அந்தப் பக்கம் மரத்தில் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது.

“தம்பி!” என்று மாமி குரல் கொடுத்தார். “ஏறாத. எறங்கு.”

“ஏன் ராத்தா, வெட்டச் சொன்னீங்களே?”

“எறங்கச் சொன்னா எறங்கு.”

நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் மாமியைப் பார்த்தேன், நல்ல வேளையாக ஒன்றும் செய்யவில்லை. சில நேரம் நம் வேலையில் பாதி, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பது. மாமி முக்காட்டைச் சரிசெய்தார். மதிலில் ஒரு கையை வைத்தார்.

“ஜெமீலா.”

அந்தப் பக்கம் கருவாடு திருப்பும் சத்தம் நின்றது.

“ஜெமீலா, தென்னைக்கு அடிச்ச தகரத்துல மிச்சம் இரிக்கா?”

எங்கோ ஒரு காகம் கத்தியது. பிறகு சாச்சியின் குரல், மதிலுக்குக் கிட்டவே: “என்னத்துக்கு?”

“என்ட வீட்டு ஓட்டைய அடைக்க.”

“என்ட” என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார். இதைவிடக் குறைந்த சொல்லில் ஒருவர் மன்னிப்புக் கேட்டதை நான் இதுவரை கண்டதில்லை.

“மிச்சம் இரிக்கி” என்றார் சாச்சி. “ஆனா ஆணி இல்ல. ஆணி நீ கொண்டு வா. கையோட அந்த வட்டிலாப்பக் கிண்ணத்தயும் எடுத்துக்கொண்டு வா. மதில்ல வெச்சு வெயில்ல காயுது.”

மற்றது உங்களுக்குத் தெரிந்த வேலைதான், நீட்டவில்லை. உடனே ஓட்டையை அடைக்கவில்லை. எலியை உள்ளே வைத்து அடைத்தால் கல்யாணத்தன்று சுவருக்குள்ளிருந்து நாற்றம் வரும். நஞ்சும் வைக்கவில்லை, அதே காரணம். பலகைப் பெட்டிக்குள் அது நடக்கும் வழியிலேயே பொறி வைத்தோம். என்ன இரை என்று யோசித்தபோது மாமி வட்டிலாப்பத்துக்கு வாங்கிய கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்துத் தந்தார். கருவாடு வைக்கலாமே என்றார் மாமா. கருவாட்டூர் எலிக்குக் கருவாடு சலித்திருக்கும், அதற்கும் ஒரு கல்யாணச் சாப்பாடு வேண்டும் என்றேன். வியாழன் இரண்டு, வெள்ளி ஒன்று விழுந்தன. வெள்ளிக்கிழமை கொழும்பு ஆக்கள் வந்து வீடு பார்த்துவிட்டுப் போனார்கள். கழிவுக் குழாய்ப் பக்கம் பூச்சாடி எங்கே என்று அவர்கள் கேட்கவா போகிறார்கள்? சனி காலை பவுடரில் ஒரு தடமும் இல்லை. சாச்சியின் தகரத்தை வெட்டி, மாமியின் ஆணியால் அடித்து, அதற்கு மேல் சீமெந்து பூசினோம். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம்.

அன்று மத்தியானம் கடைசியாக ஒருமுறை பார்க்க மாடிக்குப் போனேன். ஜன்னலோரத்தில் ரிஸ்னா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெமீலா சாச்சி அவள் உள்ளங்கையில் குனிந்து மருதோண்டி போட்டுக்கொண்டிருந்தார். கருவாட்டு வாசமும் மருதோண்டி வாசமும் கலந்திருந்தன. சபியா மாமி விசிறிக்கொண்டு பக்கத்தில் இருந்தார், மூக்கைப் பொத்தவில்லை.

நான் அலுமாரியின் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, புதுப் படிவத்தை எடுத்தேன். “எலி வரும் இடம்” என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன். என்ன எழுதுவது? கடைசியில் “இடம்” என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே “வழி” என்று எழுதி, வழியை மட்டும் வரைந்தேன். நம் படிவத்தில் நீங்கள் பார்க்கும் “எலி வரும் வழி” என்ற கட்டம் அப்படி வந்ததுதான்.

“நீதவான் அம்மா எழுதி முடிஞ்சுதா?” என்றார் சாச்சி. “கையத் தா இங்க.”

“எனக்கு எதுக்கு சாச்சி, நான் மணப்பொம்புளயா?”

“தா எண்டா தா.”

வலது கையைப் பிடித்து, எழுதும் கையைத்தான், விரித்து வைத்தார். ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். நடுவில் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் வரை ஒரு நீளக் கோடு இழுத்தார். ரிஸ்னா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“இது என்ன பூ, சாச்சி?”

“பூவா? எலிட கால். நடுவுல அதுட வால்.” என் கையை மூடிவிட்டு, அது காயும் வரை விடாமல் பிடித்துக்கொண்டார். “இனி ஆர்ட வீட்டயும் பத்தி எழுத முந்தி கையத் தொறந்து பாரு. இது நடந்த தடம் கண்டியா எண்டு கேளு. கண்டா மட்டும் எழுது.”

இரண்டு கிழமைக்கு அந்த எலி என் கையில் நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பேனாவைத் திறக்கும்போது கண்ணில் பட்டது. சுனில் அய்யாவிடம், “நீங்க என்ன கண்டீங்க?” என்று முதலில் கேட்கும் பழக்கமும் அந்த இரண்டு கிழமையில்தான் வந்தது. மருதோண்டி அழிந்துவிட்டது. பழக்கம் அழியவில்லை. நாளைக்கு உங்கள் கையில் படிவத்தைக் கொடுக்கும்போது கையை ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்வேன். ஏன் என்று இனிக் கேட்கமாட்டீர்கள்.